கவ்வாத்து மந்திரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், பாடசாலையில் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எத்தனையோ விஷயங்களுக்குக் கோபப்பட்டிருக்கிறேன், பலதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் உலகத்திலேயே இல்லாத ஒரு மந்திரக்காரிக்காகக் கோபப்பட்டு, இருக்கிற ஒரே தங்கச்சியின் வாயை அடைத்தேன் பாருங்கள், அதற்கு மட்டும் நியாயமே கிடையாது.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கதையாடும் விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். காடு, கோட்டை, பேய், மந்திரம் எல்லாம் வாயால்தான். 'கதவைத் திறக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நடத்துபவர் சொல்ல வேண்டும். கதவு திறக்குமா திறக்காதா என்று சந்தேகம் வந்தால், இருபது முகம் கொண்ட ஒரு பச்சைக் கட்டையை உருட்டிப் பார்ப்போம். தங்கச்சி அதற்கு நெல்லிக்காய் என்று பெயர் வைத்தாள்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் என்னோடு படித்த ஒரு கொழும்புக்காரன்தான் இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தான். ஊருக்குத் திரும்பி, கொட்டகலைப் பக்கத்தில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியதும் நான் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்ற வைத்தேன். ஒருவன் பஜாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையனாக என்னோடு படித்தவன், இப்போது கடைக்கே முதலாளி. இன்னொருவன் எங்கள் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு மேல்மாடியில் உட்கார்ந்தால் ஐந்து மணிவரைக்கும் விளையாட்டுத்தான். நாலாவது ஆள் கிடைக்காமல்தான் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. அவளுடைய சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த நேரத்தில் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஃபெக்டரியில் வேலை செய்த அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய், கொழுந்தெடுக்க மலைக்குப் போக முடியாமல் ஆனது. வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பரா கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் வேறு. "அண்ணன் படிச்சி முடிக்கிற வரைக்குந்தானே" என்று சொல்லி, அவளே அம்மாவின் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். நான் படித்து முடித்தேன், வேலையும் எடுத்தேன். அவளுடைய படிப்புப் பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவளுடைய ரிசல்ட் என்னுடையதைவிட நல்ல ரிசல்ட்.

வாரத்தில் அவள் மலையிலோ, அடுப்படியிலோ, தண்ணீர்க் குழாயடியிலோ இல்லாத நேரம் என்றால் அந்த ஞாயிறு மூன்று மணித்தியாலந்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாலாவது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

முதல் நாள் ஆளுக்கொரு பாத்திரம் எடுக்கச் சொன்னேன். கடைக்காரன் வாள் தூக்கினான். ஆட்டோக்காரன் திருடன் ஆனான். தங்கச்சி மந்திரக்காரி. முதல் மந்திரத்தை இலவசமாகத் தெரிவு செய்யலாம் என்றேன். நெருப்பு கேட்பாள் என்று நினைத்தால், "எந்த எழுத்தா இருந்தாலும் வாசிக்கிற மந்திரம் வேணும்" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

"பேயி வந்தா அதுக்குப் பேப்பர் வாசிச்சிக் காட்டுவீங்களா?" என்று கேட்டான் ஆட்டோக்காரன்.

"ஒங்க லைசன் எப்ப முடிஞ்சிச்சின்னு வாசிச்சிக் காட்டுவேன்" என்றாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது, மந்திரம்தான் ஓடவில்லை. கொழும்புக்காரன் தந்த ஆங்கிலப் புத்தகத்தில், மந்திரக்காரருக்கு ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு இருந்தது. மந்திரம் போட்டால் புள்ளி குறையும், தூங்கி எழும்பினால் நிறையும். "என்னா சேர் இது, ஷெட்டுல பெட்ரோல் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான் ஆட்டோக்காரன். கூடப் படித்தவன்தான், ஆனால் நான் வேலை எடுத்த நாளிலிருந்து கிண்டலுக்கு சேர் என்றுதான் கூப்பிடுவான். அதைவிடப் பெரிய தொல்லை, கடைசிச் சண்டைக்கு வேண்டுமே என்று தங்கச்சி புள்ளியை எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மந்திரக்காரி மந்திரமே போடாமல் ஒரு மாதம் ஓடியது.

எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிறேன் பேர்வழி என்று, நெருப்பு மந்திரத்துக்குக் கற்பூர மந்திரம், பனி மந்திரத்துக்கு மார்கழி மந்திரம் என்று பெயர்களை மாற்றி எழுதிக்கொண்டு போனேன். தங்கச்சி வாசித்துப் பார்த்துவிட்டு, "பழைய தூளப் புதுப் பக்கெட்டுல போட்டா சாயம் கூடுமாண்ணே?" என்றாள். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி. பெயர் மாறியதே தவிர, உள்ளே அதே பெட்ரோல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வழி கிடைத்ததும் அவள் வாயிலிருந்துதான். ஒரு நாள் பின்னேரம் மலையிலிருந்து வந்து புலம்பிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். "ஏழு நாளைக்கு ஒருக்கா எடுக்க வேண்டிய மலைய, ஆளு இல்லன்னு பன்னெண்டு நாளு போட்டு வச்சா முத்தாம என்னா செய்யும்? நேரத்துக்கு எடுத்திருந்தா எல்லாம் கொழுந்து. இப்பப் பாதி முத்தல்னு தூக்கி வீசுறாங்க."

நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். பிள்ளைகளின் பழைய வினாத்தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். மந்திரக்காரி ஒரு தேயிலைச் செடி. வாராவாரம் அவளுக்குள் கொழுந்து விடும். ஒவ்வொரு கொழுந்தும் ஒரு மந்திரம். அந்த வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சேர்த்து வைத்தால் முற்றிப் போகும், முற்றிய மந்திரத்தைப் போட்டால் போட்டவளையே திருப்பி அடிக்கும். பேராசைப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் பறித்தால் அடுத்த வாரம் செடி சோர்ந்துவிடும். மந்திரம் போடும்போது, மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது சத்தம் போடுவதுபோல "பொலியோ பொலி" என்று கத்த வேண்டும். இது ஆட்டோக்காரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. மந்திரமே தெரியாத திருடன் அவன்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்துவான். கீழேயிருந்து கடைக்காரனின் அம்மா விளக்குமாற்றால் கூரைப்பலகையைத் தட்டுவார்கள்.

இந்த விதிகளை எழுதிய அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மந்திரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்ததால் அது எங்கள் ஊர் மந்திரம் ஆகிவிடவில்லை. அது எப்போது முளைக்கிறது, எப்போது கெட்டுப்போகிறது, என்னத்தைக் கேட்கிறது என்பதில் ஊர் இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரம் இப்படி ஆடிய பிறகு, கடைசி விதியாகக் கவ்வாத்தைச் சேர்த்தேன். தேயிலைச் செடி சில வருடங்களில் உயர்ந்து கைக்கு எட்டாமல் போய்விடும். அப்போது கத்தியால் வெட்டிக் குள்ளமாக்குவதற்குக் கவ்வாத்து என்று பெயர். நான் எழுதியது இதுதான்: இருபது மந்திரம் போட்டதும் மந்திரக்காரிக்குக் கவ்வாத்து. உள்ளது எல்லாம் வெட்டப்படும். மூன்று வாரத்துக்கு ஒரு மந்திரமும் இல்லை. அந்த மூன்று வரியை எழுதிவிட்டு நானே மூன்று தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். படம் பிடித்துக் கொழும்புக்காரனுக்கு அனுப்பினேன். "மச்சான் பயங்கரம், எங்க ஆக்களோட அடுத்த மாசம் இதத்தான் வெளையாடப் போறோம்" என்று பதில் போட்டான். எப்படி யோசித்தாய் என்று கேட்டான். சும்மா தோன்றியது என்று எழுதினேன். முத்தல் யார் வாயிலிருந்து வந்தது என்பதை எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கதையில் அவர்கள் ஒரு பாழடைந்த ஃபெக்டரிக்குள் மாட்டியிருந்தார்கள். உள்ளே ஆளே இல்லாமல் ஒரு பெரிய ரோதை, அதாவது இயந்திரச் சக்கரம், தானாகச் சுற்றிக்கொண்டு அவர்களைத் துரத்தியது. கடைக்காரனின் வாள் உடைந்துவிட்டது. தங்கச்சி "பொலி" சொல்லி, காற்று மந்திரம் போட்டு அவனைக் காப்பாற்றினாள். அது இருபதாவது மந்திரம். நான் அழிறப்பரை எடுத்து அவளுடைய தாளிலிருந்த மந்திரங்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினேன்.

"அண்ணே, என்னா செய்றீங்க?"

"கவ்வாத்து."

"எல்லாத்தையுமா?"

"கவ்வாத்துன்னா எல்லாந்தான்."

"ஒரு கெளையாச்சும் விடணும்லண்ணே. இப்புடி மொட்டையா வெட்டுனா செடி எப்புடி மூச்சு விடும்? காஞ்சி போயிரும்."

"விதியில அப்புடி இல்ல."

"விதிய எழுதுனது நீங்கதானே?"

"ஒன்னே ஒன்ன விட்டுத் தொலையேன்டா" என்றான் கடைக்காரன். ஆட்டோக்காரனும் தலையை ஆட்டினான். மூன்று பேரும் ஒரு பக்கம் சேர்ந்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. கொழும்பில் பயங்கரம் என்று சொன்ன விதியை, என் மேசையில் என் தங்கச்சி பிழை சொல்வதா?

"இது கொழுந்து பறிக்கிற வேல இல்ல புள்ள" என்றேன். "யோசிச்சிச் செய்ற வேல. தெரியாட்டிச் சும்மா இரு."

அவள் சும்மா இருந்துவிட்டாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். வீம்புக்கு ஆட்டத்தை நடத்தினேன். ரோதை திரும்பி வந்தது. அவளிடம் தடுக்க ஒன்றும் இல்லை. நெல்லிக்காயை உருட்டினாள், இரண்டு விழுந்தது. மந்திரக்காரி சாய்ந்தாள், அவள் கதை முடிந்தது என்று சொன்னேன். தங்கச்சி நெல்லிக்காயைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். தன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "அம்மாவுக்கு மருந்து எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

"சேர், அது கொஞ்சம் ஓவர்" என்றான் ஆட்டோக்காரன். இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டில் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேரத்துக்குச் சோறு வைத்தாள், என் சேர்ட்டைத் துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மூன்றாவது ஞாயிறு சப்பாத்து மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "வர்றதுன்னா வாயேன்" என்றேன்.

"யோசிக்கிற வேலயெல்லாம் எனக்கு எதுக்குண்ணே?" என்றாள். பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை.

மேல்மாடியில் மூன்று பேரும் கொட்டாவி விட்டோம். பொலி சொல்ல ஆளில்லை. கடைக்காரனின் அம்மா மேலே வந்து, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் பெரிய ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பாடசாலைக்கு நேரமாகிவிட்டதே என்று தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறினேன். சின்ன வயதில் அம்மா என்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. "நீ படிக்கிற புள்ள, மலைப்பக்கம் காலெடுத்து வச்ச, அவ்ளோதான்" என்பார்கள். தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தும், வெட்டிய மலையை நான் பஸ் ஜன்னலில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். தூரத்தில் வெறும் குச்சிக் காடாகத் தெரியும்.

அன்றைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலைக்குள்ளேயே நடந்து போனேன். கிட்டப் போனதும் நின்றுவிட்டேன். ஒவ்வொரு செடியும் முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு செடியிலும் ஓரமாக ஒரே ஒரு கிளை, வெட்டாமல், இலையோடு நின்றது. அந்தச் செடி, அடுத்த செடி, அதற்கடுத்தது. மலை முழுக்க அப்படித்தான்.

கத்தியோடு நின்ற ஒருவரிடம், "ஏண்ணே, இந்த ஒன்ன மட்டும் விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேரு தோட்டத்துப் புள்ளதானே? இதுகூடவா தெரியாது? அதையும் வெட்டுனா செடி செத்துப் போகும் சேர்."

அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார். தங்கச்சி சொன்னது வார்த்தை மாறாமல் அங்கே நின்றது. விதி பிழையாகிப் போனதுகூடப் பரவாயில்லை. அவளுக்கு நாங்கள் செய்தது என்ன என்று அப்போதுதான் நினைத்தேன். அந்த ரிசல்ட் வந்த வருடம் படிப்பு, புத்தகம், கூட்டாளிகள் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டினோம். ஒன்றையும் விடவில்லை. எப்படியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு முளைத்து நின்றது. அதையும் நான் அழிறப்பரால் அழித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பிந்திப் போனதற்கு அதிபர் ஏசினார், முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல் நின்றேன்.

பின்னேரம் அவள் மலையிலிருந்து வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கவ்வாத்து வெட்டுறப்ப எந்தக் கெளைய விடுவாங்க?"

நிமிர்ந்து பார்த்தாள். "அதெல்லாம் யோசிச்சிச் செய்ற வேலண்ணே. எனக்கு எப்புடித் தெரியும்?"

வேண்டியதுதான் எனக்கு.

"நான் பேசுனது தப்பு புள்ள. ரொம்பத் தப்பு. முத்தல் நீ சொன்னது, கெளையும் நீ சொன்னது. நான் யோசிச்ச மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். கொழும்புக்கு இப்பத்தான் எழுதிப் போட்டேன், இது என் தங்கச்சி செஞ்ச மந்திரம்னு."

அட்டை சுருண்டு விழுந்தது. அவள் காலை இன்னொரு தடவை கழுவினாள்.

"மூணு ஞாயித்துக்கெழமையும் நான் உடுத்திக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "ஒரு வார்த்த ஒழுங்காக் கூப்புட்டிருந்தா வந்திருப்பேன். சப்பாத்தப் பாத்துக்கிட்டுக் கூப்புடுறீங்க."

"இப்ப ஒன்னப் பாத்துத்தான் கூப்புடுறேன். வா."

"பாப்போம்" என்றாள். பிறகு படங்கை உதறிக்கொண்டே, "எல நெறைய உள்ள கெளையா, ஓரமாப் பாத்து விடுவாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஆட்டோக்காரன் அவளைப் பார்த்த சந்தோஷத்தில் ஒன்றுமே இல்லாமல் "பொலியோ பொலி" என்று கத்தினான். கீழே விளக்குமாறு தட்டியது. மந்திரக்காரி சாகவில்லை, ஃபெக்டரி மூலையில் மயங்கிக் கிடக்கிறாள் என்று சொன்னேன். புது விதியை வாசித்தேன்: கவ்வாத்தில் ஒரு மந்திரம் நிற்கும், எது என்பதை மந்திரக்காரிதான் சொல்வாள்.

"எத விடப்போற?" என்று கேட்டேன். சண்டைக்கு உதவுமே என்று நெருப்பைச் சொல்வாள் என்றுதான் இந்தத் தடவையும் நினைத்தேன்.

பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். நாலாக மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. நான் அழித்த இடமெல்லாம் கறுப்பாகத் தேய்ந்து கிடந்தது. மேலே ஓரத்தில், அழிறப்பரால் அழிக்க முடியாத நீலப் பேனையில், ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். எந்த எழுத்தையும் வாசிக்கும் மந்திரம்.

"எப்ப எழுதுன?"

"நீங்க அழிச்ச அன்னைக்கே. பஸ்ஸுல."

"நெருப்பு இருக்கு, காத்து இருக்கு. ஏன் புள்ள இது?"

"நெருப்பு, காத்தெல்லாம் திரும்ப மொளைக்கும்ணே" என்றாள். "இத வெட்டுனா திரும்ப மொளைக்குமான்னு எனக்குத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரன் டப்பாவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

"என்னா சேர்" என்றாள் தங்கச்சி, அவனைப் போலவே இழுத்து. "எழும்பிட்டேன். எனக்கு முன்னுக்கு என்னா இருக்கு?"

அங்கே ரோதையை வைத்துத்தான் கதையை எழுதி வைத்திருந்தேன். தாளை மூடினேன்.

"ஒரு கதவு" என்றேன். "பூட்டியிருக்கு. மேல என்னமோ எழுதியிருக்கு. இதுவரைக்கும் யாராலயும் அத வாசிக்க முடியல."

அவள் நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பொலி" என்றாள், மெதுவாக. "நான் வாசிக்கிறேன்."

நெல்லிக்காயை உருட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.